அருவி இரையும் வரை

சிவமயம்

குற்றாலம்,
ஸ்ரீமுக வருஷம் ஆனி மாதம் 29

சௌபாக்கியவதி இராமலட்சுமிக்கு மாமா ஆவுடைநாயகம் ஆசீர்வதித்து எழுதுவது.

நீயும் குழந்தை குழல்வாய்மொழியும் தூத்துக்குடியில் உன் அண்ணன் வீட்டில் சுகமாக இருப்பதாகச் சிவசுப்பிரமணியன் எழுதிய கார்டில் தெரிந்துகொண்டேன். இங்கும் எல்லாரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவனுக்கு, விடை தெரியாத இடத்தில் ஒரு விடையை எழுதி வைக்கக் கை வரவில்லை. ஆகவே அந்த வரியை விட்டுவிட்டு மற்றதை எழுதுகிறேன். கவரில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. எங்கள் தபால்காரர் கார்டுகளை வாசலில் நின்று ஒரு தடவை வாசித்துவிட்டுத்தான் கொடுப்பார்.

நீ புறப்பட்டுப் போன அன்றே ஆசாரியை வரவழைத்துத் தென்காசி வீட்டுக் கிணற்றுக்குப் பலகை அடித்து மூடிவிட்டேன். எல்லாம் நடந்தபிறகு மூடி என்ன பிரயோசனம் என்று உன் அத்தை கேட்டாள். குழந்தையை அந்தக் கிணற்றுக் கைப்பிடிச் சுவரின் மேல் நிறுத்திக்கொண்டு, "இது குழலி இல்லப்பா, மாத்திட்டாங்க" என்று என் மகன் குத்தாலிங்கம் சொன்னபோது நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீதான் பதறாமல் போய், "ஆமா, மாத்தித்தான் இருக்காங்க, எங்கிட்ட குடுங்க, நான் போய் நம்ம பிள்ளையக் கேட்டு வாங்கிட்டு வாரேன்" என்று சொல்லிக் கையை நீட்டினாய். அந்த நேரத்தில் அந்தச் சொல் உனக்கு எப்படித் தோன்றியது என்று நான் இன்னும் ஆச்சரியப்படுகிறேன். விடிந்ததும் நீ வண்டி கேட்டாய். நான் பிடித்துக் கொடுத்தேன்.

அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அபின் தின்கிறவனுக்குப் புத்தி எப்படி இருக்கிறது என்று இப்போது ஒன்றும் சொல்ல முடியாது, அதை முதலில் விட்டுவிட்டு வரட்டும் என்றார் டாக்டர். சரி என்று, போதைப் பழக்கத்தை விடுவிக்கிறவர்கள் நடத்தும் மடம் ஒன்றுக்குப் போனேன். ஆள் இல்லாத இடத்தில் பேசுகிறவனை நாங்கள் மற்றவர்களோடு வைத்துக்கொள்ள முடியாது, முதலில் புத்தி தெளியட்டும் என்றார்கள். இரண்டு பேரும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். இரண்டு பேர் சொன்னதிலும் எனக்குத் தப்பு தெரியவில்லை. ஆனால் வெளியே வந்து தெருவில் நின்றபோது எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை.

கடைசியில் அத்தைதான் குற்றாலம் என்று சொன்னாள். சித்தம் கலங்கியவர்களைத் தலையில் எண்ணெய் வைத்து ஒரு மண்டலம் அருவியில் நிறுத்துகிற வழக்கம் உனக்குத் தெரியும். அந்தச் சாமியின் பேரை வைத்த பிள்ளையை அந்தச் சாமி கைவிடாது என்கிறாள். சன்னதித் தெருவில் ஓர் அறை எடுத்திருக்கிறோம். நம்பிராஜ வைத்தியர் எண்ணெய் காய்ச்சித் தருகிறார். உப்பு, புளி, அபின் மூன்றும் ஆகாது என்பது அவருடைய பத்தியம்.

இதில்தான் நான் ஒரு பிழை செய்தேன். வைத்தியர் சொன்னது சொன்னபடி அபினை ஒரே நாளில் நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு அவன் பட்டதை விவரித்து எழுத வேண்டாமென்று நினைக்கிறேன். வாந்தியும் உதறலும் நிற்கவில்லை. எலும்புக்குள் எறும்பு ஊர்கிறது என்று தரையில் கிடந்து புரண்டான். உன் அத்தை என் முன்னால் வந்து நின்று, "வைத்தியருக்கா பிள்ளை? நமக்குல்லா பிள்ளை" என்றாள். நான் சட்டையைப் போட்டுக்கொண்டு தென்காசிக்கு நடந்தேன்.

லைசென்ஸ் பெற்ற அபின் கடைக்குள் நான் அதுவரை நுழைந்ததில்லை. வரிசையில் நின்றேன். விற்கிறவன் பள்ளிக்கூடத்தில் என்னிடம் வாசித்த சுடலையாண்டி. அவன் எழுந்து நின்றுவிட்டான். "சார், யாருக்கு சார்?" என்றான். குத்தாலிங்கத்தின் பேரைச் சொல்ல நாக்கு எழவில்லை. எனக்குத்தான், மூட்டுவலி, என்றேன். அவன் மெதுவாக, "கொஞ்சமாத் தின்னுங்க சார்" என்று சொல்லிக் கொடுத்தான். இப்போது தென்காசியில் கணக்கு வாத்தியார் வயதான காலத்தில் அபின் தின்னப் பழகிவிட்டார் என்று பேச்சாம். அத்தைக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு வந்தது. நீ போனபிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

வெல்லத்துக்குள் வைத்து வைத்தியருக்குத் தெரியாமல் கொடுக்கிறேன். முதலில் மிளகளவு. இனி ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் குறைத்துக் கடுகளவுக்குக் கொண்டுவரலாம் என்று ஒரு கணக்குப் போட்டிருக்கிறேன். இது சரியான கணக்கா என்று கேட்க ஆளில்லை.

பேரருவியில் தண்ணீர் நிறைய விழுகிறது. அதன் அடியில் நிற்கும்போது மட்டும் அவன் முகம் பழைய முகமாக இருக்கிறது. மண்டலம் முடிந்ததும் குற்றாலநாதர் கோயிலில் குழந்தைக்குக் காது குத்த வேண்டும், சிவசுப்பிரமணியன் தாய்மாமனாக வந்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அத்தை எழுதச் சொல்கிறாள். எழுதிவிட்டேன்.

குழந்தைக்கு முத்தம்.

மாமா,
ஆவுடைநாயகம்

குற்றாலம்,
ஆடி மாதம் 9

சௌபாக்கியவதி இராமலட்சுமிக்கு மாமா ஆசீர்வாதம்.

உன் கடிதம் கிடைத்தது. குழந்தை கப்பல் சங்கு ஊதினால் பதிலுக்கு ஊதுகிறாள் என்று எழுதியிருந்தாய். அதை அத்தைக்கு மூன்று முறை வாசித்துக் காட்டினேன். குத்தாலிங்கத்துக்கும் வாசித்தேன். கேட்டுக்கொண்டிருந்தான். அன்று சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான்.

இங்கே சாரல் விடாமல் இருக்கிறது. துணி காய்வதில்லை. எனக்கு இருமல், அத்தைக்குக் கால் வீக்கம், இவை பெரிதல்ல.

அருவிக்கரையில் எங்களைப்போல் வந்திருக்கிற குடும்பங்கள் நிறைய. முதலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. சங்கிலி போட்டு ஒருவரைக் கூட்டி வந்தால் மற்றவர்கள் மலையைப் பார்ப்போம். கடையநல்லூரிலிருந்து வந்திருக்கும் ஜாஹிரா பீவி என்கிற அம்மாள்தான் அதை உடைத்தாள். தன் தம்பி அகமது கபீரைக் கொண்டுவந்திருக்கிறாள். ஒருநாள் பாறையில் என் பக்கம் வந்து உட்கார்ந்து, "அண்ணாச்சி, ஒங்க பிள்ளை நிக்கிற நிலையப் பாத்தா அருவியவே குடிச்சுத் தீத்துருவான் போலயே. எந் தம்பிக்கும் ரெண்டு மடக்கு மிச்சம் வைக்கச் சொல்லுங்க" என்றாள். இப்படி ஒருவர் இதைப் பற்றி வேடிக்கையாகப் பேசலாம் என்பது எனக்குத் தெரியாது. சொல்கிறேன் அம்மா, என்றேன்.

அவள் தம்பிக்குக் கஞ்சா. "போட்டா பாடுதான், போடலன்னா அழுதான். ரெண்டுல எதுண்ணாச்சி பைத்தியம்? நீங்க படிச்சவுக, சொல்லுங்க" என்று கேட்டாள். நானும் அதே கேள்வியோடுதான் இரண்டு வாசல் ஏறி இறங்கினேன் என்று சொன்னேன். அவளும் ஏறி இறங்கியிருக்கிறாள்.

ஒருநாள் மத்தியானம் நான் உட்கார்ந்தபடியே பாறையிலிருந்து சரியப் பார்த்தேன். அவள் அதட்டினாள். "கண்ணு ரெண்டும் குழிஞ்சு கெடக்கு. அந்த மண்டபத்துல போய்ப் படுங்க. ரெண்டு பேரையும் நான் பாத்துக்கிடுதேன்." பிறர் கையில் அவனை விட்டுவிட்டுப் படுப்பது சரியா என்று யோசித்துக்கொண்டே போனேன். படுத்தது தெரியும், அப்புறம் சாயங்காலம் ஆகிவிட்டது. நான் எழுந்து வந்தபோது இருவரும் தலை துவட்டி, அவள் கொண்டுவந்த அவல் தின்றுகொண்டிருந்தார்கள். மறுநாள் நான் பார்த்துக்கொண்டேன், அவள் தூங்கினாள். இப்போது இது எங்களுக்குள் ஏற்பாடு. உன் அத்தை பத்தியக் கஞ்சி இருவருக்குமாகச் சேர்த்து வைக்கிறாள். மருந்தைக் காட்டிலும் இந்த ஏற்பாடு எனக்குத் தெம்பாக இருக்கிறது. நோயாளி அவன், தெம்பு எனக்கு என்று எழுதும்போது கூச்சமாகவும் இருக்கிறது.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அபின் எதற்கு என்று அவனை நாம் எத்தனையோ தரம் திட்டியிருக்கிறோம். எதற்கு என்று கேட்டதில்லை. போன வாரம் தலை துவட்டிவிடும்போது கேட்டேன். "பேசிக்கிட்டே இருக்காங்கப்பா. சுவத்துக்குள்ள இருந்து. அதைத் தின்னா தூரமாப் போயிருவாங்க" என்றான். இப்போது பேசுகிறார்களா என்றேன். "இங்க அருவி இரையுதுல்லா. ஒண்ணும் கேக்கல" என்றான். அதைச் சொல்லும்போது அவன் சிறு பிள்ளையாக இருந்தபோது பரீட்சை முடிந்து வருவானே, அந்த முகம். அதனால்தான் அவன் தண்ணீரை விட்டு வெளியே வரமாட்டேன் என்கிறான். உதடு நீலம் பாரித்தாலும் நிற்கிறான்.

வெல்லத்துக்குள் இருப்பது இப்போது மிளகில் பாதி. ஒருநாள் அவனே, "வெல்லம் இன்னைக்கு ரொம்ப இனிக்குதுப்பா" என்றான். தெரிந்துதான் தின்கிறான்.

வைத்தியர் நாடி பார்த்துவிட்டுப் பித்தம் இறங்குகிறது என்கிறார். மண்டலம் நிறையும் அன்று கட்டியவள் வந்து, அருவியிலிருந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வீட்டுப்படி ஏற வேண்டுமாம். அப்போதுதான் பலன் நிலைக்குமாம். இதைக் கேட்டதிலிருந்து அத்தைக்கு வேறு பேச்சில்லை. அன்றே காது குத்தும் வைத்துவிடலாம் என்று நாள் பார்த்துவிட்டாள். உறவில் எல்லாரும் அதையேதான் சொல்கிறார்கள். நீ வீம்புக்குப் போயிருப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள். நான் மறுத்துப் பேச வாய் திறந்தேன். பேசவில்லை.

உன்னை வா என்று இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. இன்னும் யோசிக்கிறேன்.

மாமா,
ஆவுடைநாயகம்

குற்றாலம்,
ஆவணி மாதம் 3

சௌபாக்கியவதி இராமலட்சுமிக்கு மாமா ஆவுடைநாயகம் மனப்பூர்வமாக ஆசீர்வதித்து எழுதுவது.

இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் பொறுமையாக வாசிக்க வேண்டும். இதை மூன்று தடவை எழுதிக் கிழித்திருக்கிறேன்.

சாரல் நின்று வெயில் அடிக்கிறது. பேரருவி நாளுக்கு நாள் மெலிகிறது. முன்பு கரையில் நின்று காதோடு காதாகக் கத்திப் பேசினோம். இப்போது சாதாரணமாகப் பேசினாலே கேட்கிறது. வந்திருந்த குடும்பங்களில் பாதிக்குமேல் வண்டி கட்டிப் போய்விட்டார்கள். மங்குஸ்தான் விற்கிறவர்கள்கூடக் கூடையைக் கவிழ்த்துவிட்டார்கள்.

போன வெள்ளிக்கிழமை காலையில் குத்தாலிங்கம் அறையில் இல்லை. பேரருவியில் இல்லை. ஐந்தருவிக்கு ஓடினேன். அங்கும் இல்லை. நான் என்ன நினைத்தேன் என்பதை எழுதவில்லை. ஜாஹிரா பீவியின் கொழுந்தன் மூசா தம்பிதான் மலையேறிப் போய், செண்பகாதேவி அருவியில் அவன் இருப்பதைக் கண்டு வந்து சொன்னார். நானும் தட்டுத் தடுமாறி ஏறினேன். பாறையோடு பாறையாகக் காதை ஒட்டிக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்துக் கோபப்படவில்லை. "கீழ சத்தம் குறைஞ்சு போச்சுப்பா. இங்கதான் இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றான். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன சொல்லி அவனைக் கீழே கூப்பிடுவது? கீழே எதற்கு என்று அவன் கேட்டால்?

அவனே பேசினான். "குழலி இப்ப எவ்வளவு உசரம் இருப்பா?" என்று கேட்டுத் தன் தொடையில் கையை வைத்துக் காட்டினான். அவ்வளவு இருப்பாள் என்றேன். கொஞ்சம் கழித்து, "அது நம்ம குழலிதானப்பா?" என்றான். ஆமாம், நம் குழலிதான், யாரும் மாற்றவில்லை என்றேன். "இப்ப எனக்கும் தெரியுது. தண்ணி நின்னுட்டா தெரியுமான்னு தெரியல" என்றான்.

இராமலட்சுமி, அவன் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

அன்றிலிருந்து அவன் வெல்லம் இன்னொன்று கேட்கிறான். கடுகளவுக்குக் கொண்டுவந்திருந்தேன். மறுபடியும் மிளகளவு. என் கணக்கில் எங்கே பிசகு என்று பார்த்தேன். பிசகு இல்லை. அருவியை நான் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

வைத்தியர் தெளிந்துவிட்டது என்கிறார். அவர் நல்ல மனுஷர், நம்பித்தான் சொல்கிறார். வருகிற திங்கட்கிழமை மண்டலம் நிறைகிறது.

நீ வருவது பற்றி ஜாஹிரா பீவியிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். அவள் வழக்கம்போல் ஏதாவது கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை. "வந்தா, திரும்பி எப்ப போவா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டாள். அவளும் தன் தம்பிக்காக ஒரு மாதம் என்றுதான் புருஷன் வீட்டிலிருந்து வந்தவள். அது எட்டு வருஷம் முன்பு. புருஷன் வேறு நிக்காஹ் செய்துகொண்டார். மகளுக்குப் போன தையில் கல்யாணம் நடந்ததை மூசா தம்பிதான் வந்து சொன்னாராம். இதையெல்லாம் அவள் என்னிடம் குறையாகச் சொல்லவில்லை. தம்பி தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே, யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். அவள் கேட்ட கேள்விக்கு நான் இரண்டு நாள் விடை தேடினேன்.

உன் மாமனாராக இருந்து எழுதினால், வா அம்மா என்றுதான் எழுத வேண்டும். என் மகன் பாறையில் காதை வைத்து நிற்கிறான். நீ வந்து கையைப் பிடித்தால் ஒருவேளை, ஒருவேளை என்று எனக்கும் மனசு அடித்துக்கொள்கிறது. ஆனால் அதற்கு முன்பே நான் உன் தாய்மாமன். உனக்குக் காது குத்தும்போது என் மடியில்தான் உட்கார்ந்திருந்தாய். நீ அழுது திமிறாமல் உன் இரண்டு கையையும் பிடித்துக்கொள்வதுதான் என் வேலை. என் தங்கை கண் மூடும்போது உன்னை என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனாள். அவள் மகளை நான் எங்கே நிறுத்தப் பார்க்கிறேன் என்று அவள் கேட்டால் நான் என்ன சொல்வேன்?

ஆகவே எழுதுகிறேன். நீ வராதே.

திங்கட்கிழமைக்கும் வராதே. ஐப்பசி மழைக்கு அருவி மறுபடி விழும்போதும், அவன் தெளிவாக இருக்கிறான், அவனே எழுதியிருக்கிறான் என்று யார் என்ன சொன்னாலும், குழந்தையை எடுத்துக்கொண்டு வராதே. நானே வா என்று எழுதினாலும், அது என் கோழைத்தனம் எழுதியது என்று எடுத்துக்கொள். வைத்தியரின் சொல்லை மீறுகிறோம் என்று மனசு உறுத்தினால் அந்தப் பாவம் என்னுடையது. மண்டலம் நிறையும் அன்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக நான் இருக்கிறேன். பெற்றவன் கை போதாது என்று சாஸ்திரத்தில் இருக்குமானால் இருக்கட்டும். காது குத்தைத் தூத்துக்குடியிலேயே, சிவசுப்பிரமணியன் மடியில் வைத்து, உங்கள் பக்கத்துக் கோயிலில் முடித்துவிடுங்கள். எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

நாங்கள் மூவரும் தென்காசிக்குத் திரும்புகிறோம். அகமது கபீரையும் ஜாஹிரா பீவியையும் நம் வீட்டுப் பின்கட்டில் வந்து இருக்கச் சொல்லியிருக்கிறேன். முதலில் அத்தை முகத்தைச் சுளித்தாள். பிறகு அவளே போய், "நீ தனியா எப்படி ரெண்டு கண்ணையும் முழிச்சுக்கிட்டுக் கெடப்ப? இங்கன வந்து கெட" என்று அழைத்தாள். தெருவில் என்ன சொல்வார்களோ என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஏற்கெனவே அபின் வாத்தியார் என்றாகிவிட்டது, இதற்குமேல் என்ன. நான் தூங்கும்போது அவள் விழித்திருப்பாள், அவள் தூங்கும்போது நான். அடுத்த சாரல் வரை இப்படித் தள்ளலாம் என்று நினைக்கிறேன்.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். குழந்தையை நிமிர்ந்து நிற்கவைத்து, அவள் உயரத்துக்கு ஒரு நூலை அளந்து, கவருக்குள் வைத்து அனுப்பு. அவன் கேட்டது அதுதான். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பினால் போதும்.

இனி எழுதப்போவது உனக்கு மட்டும். அத்தைக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். கடிதம் முடிகிற சமயத்தில் வந்து உட்கார்ந்து, "எழுதியாச்சா? எங்க, வாசிங்க கேப்போம்" என்றாள். நான் வாசித்தேன். இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் எழுதச் சொன்னதையெல்லாம் வாசித்தேன். திங்கட்கிழமை வந்துவிடு, வைத்தியர் சொல்கிறார், காது குத்துக்கு நாள் பார்த்தாகிவிட்டது, அத்தை பணியாரத்துக்கு அரிசி ஊறப்போடப் போகிறாள், எல்லாம். குரல் நடுங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அவள் முழுக்கக் கேட்டாள். கொஞ்ச நேரம் அருவிப் பக்கம் பார்த்தாள். இங்கிருந்து முன்பெல்லாம் இரைச்சல் கேட்கும், இப்போது கேட்பதில்லை. பிறகு எழுந்து போய்த் தன் பெட்டியைத் திறந்து, குழந்தைக்கென்று ஆசாரியிடம் சொல்லிச் செய்து வைத்திருந்த சிவப்புக்கல் கம்மலை எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து என் முன்னால் வைத்தாள். "மூசா தம்பி சனிக்கிழமை தூத்துக்குடிக்குச் சரக்கு எடுக்கப் போறாராம். அவர் கையில குடுத்து விடுங்க" என்றாள்.

திங்கட்கிழமை காது குத்த இங்கே வரப்போகிற பிள்ளைக்குக் கம்மலைச் சனிக்கிழமை எதற்கு அங்கே அனுப்புகிறாய் என்று நான் கேட்கவில்லை. அவள் முந்தானையால் மேஜையைத் துடைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கம்மல் பத்திரம். திருகு சிறியது, குத்தும்போது பார்த்துத் திருகச் சொல். குழந்தை அழுதால் அழவிடு. கையை மட்டும் சிவசுப்பிரமணியன் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளட்டும்.

நீயும் உன் மகளும் நூறு வயது சுகமாக, தூரத்திலேயே இருக்க வேண்டும் என்று குற்றாலநாதரை வேண்டிக்கொள்கிற,

உன் தாய்மாமன்
ஆவுடைநாயகம்